இன்மை அறிக்கையும் ஒரு காந்தமும்

அரசு அலுவலகத்தில் பத்து வருஷமாவது குப்பை கொட்டியவர்களுக்கு ‘இன்மை அறிக்கை’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேலிடத்திலிருந்து ஏதாவது ஒரு விவரம் கேட்டுக் கடிதம் வரும். இடியும் நிலையில் உள்ள பள்ளிக் கட்டடம் எத்தனை, நிலுவையில் உள்ள ஓய்வூதியக் கருத்துரு எத்தனை, இப்படி. கடைசி வரியில், இனங்கள் ஏதுமில்லையெனில் இன்மை அறிக்கை தவறாமல் அனுப்பப்பட வேண்டும் என்று இருக்கும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். “இல்லாததுக்கு எதுக்கு சார் ஒரு கடிதம், ஒரு பதிவெண், ஒரு தபால் தலை?”

எதற்கென்று மழைக் கணக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தாலுகா அலுவலக வளாகத்தில் மழைமானி இருக்கும். காலை எட்டரை மணிக்கு அதில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். மழை இல்லாத நாளில் சுழி போட வேண்டும். ஒரு முறை, எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், ஒரு மாத அறிக்கையில் ஆறு நாள் கட்டம் காலியாக வந்தது. போன் போட்டுக் கேட்டால், “மழை பெய்யலேன்னுதான் சார் எழுதலே” என்று பதில். துருவிக் கேட்டபோது, மழைமானியைப் பார்க்கிறவர் அந்த ஆறு நாளும் லீவு. அதில் இரண்டு நாள் பக்கத்துக் கிராமங்களில் நல்ல மழை. காலிக் கட்டம் என்றால் பார்க்கவில்லை என்று பொருள். சுழி என்றால் போய்ப் பார்த்தேன், இல்லை என்று பொருள். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் மாவட்டச் சராசரியே பொய்யாகிவிடும்.

நான் பள்ளியில் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சுக்காரர்கள் படிவங்களில் எழுத ஒன்றுமில்லாத கட்டத்தைக் காலியாக விடமாட்டார்கள். ‘நேஆன்’ என்று எழுதுவார்கள். ஒன்றுமில்லை, சூனியம் என்று பொருள். அதே சொல்லைத் தலைப்பில் வைத்து சார்த்தர் 1943இல் தலையணை கனத்துக்கு ஒரு தத்துவப் புத்தகம் எழுதினார். எங்கள் ஊர் எத்தா சிவில் குமாஸ்தா அதையே ஒரு கட்டத்துக்குள் அடக்கி எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். பின்னாளில் விழுப்புரத்தில் கோப்புகளோடு உட்கார்ந்தபோது இன்மை அறிக்கை எனக்குப் புதிதாகத் தோன்றாததற்கு அதுதான் காரணம்.

விஞ்ஞான ஆராய்ச்சியில் இந்த இன்மை அறிக்கைக்கு உரிய மரியாதை இல்லை, அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. ‘உனக்கும் விஞ்ஞானத்துக்கும் என்னய்யா சம்பந்தம்’ என்று கேட்பீர்கள். எங்கள் திண்டிவனம் தெருவில் வளர்ந்த ஒரு பெண் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்டி செய்கிறாள். பொங்கலுக்கு வந்தவளிடம், “என்னம்மா ஆராய்ச்சி பண்றே?” என்று கேட்டேன்.

“ரெண்டு கல்லை ஒட்டி வச்சு, நடுவுல காந்தம் இருக்கான்னு பாக்குறேன் தாத்தா.”

“இருக்கா?”

“இல்ல தாத்தா. அதான் பிரச்சினையே.”

இந்த ‘இல்லை’ எப்படிப் பிரச்சினையாகும் என்று எனக்குப் புரியவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். அதன்பிறகு நானும் தேடிப் படித்தேன். புரிந்த மட்டும் சொல்கிறேன்.

ஆக்சைடு என்பது நமக்குத் தெரியாத பொருள் அல்ல. துரு ஒரு இரும்பு ஆக்சைடு. சின்ன வயதில் காந்தத் துண்டை நூலில் கட்டித் தெரு மணலில் இழுத்துப் போவோம், கறுப்பாக மீசை முளைத்த மாதிரி துகள் ஒட்டிக்கொள்ளும். அதில் பெரும்பங்கு மேக்னடைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடு. சேலம் கஞ்சமலையில் இருப்பதும் அதுதான். சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து நம் பழைய தென்னார்க்காட்டுப் பரங்கிப்பேட்டையில் 1830களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பு உருக்கினார். மனிதன் முதலில் பார்த்த காந்தமே இந்த ஆக்சைடுக் கல்தான். ஆனால் அதில் இரும்பு இருக்கிறது, ஒட்டுவதில் ஆச்சரியம் இல்லை.

அந்தப் பெண் ஒட்டுகிற இரண்டு கல்லிலும் இரும்பு கிடையாது. ஒன்று ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட். கண்ணாடி போல இருக்கும். 1950களில் வைரத்துக்குப் பதிலாகப் போலிக்கல்லாக நகையில் வைத்து விற்றார்கள். இன்னொன்று லாந்தனம் அலுமினேட். இரண்டிலும் மின்சாரம் பாயாது, இரண்டும் காந்தமும் அல்ல. 2004இல் ஒட்டோமோ, ஹுவாங் என்ற இருவர் ஒன்றின் மேல் மற்றொன்றை அணு அணுவாக அடுக்கிப் பார்த்தபோது, இரண்டும் சேருகிற எல்லையில் மட்டும் மின்சாரம் தாராளமாகப் பாய்ந்தது. அந்த மெல்லிய தளத்தில் எலெக்ட்ரான்கள் வாயு மாதிரி பக்கவாட்டில் ஓடித் திரிகின்றன. அதனால் எலெக்ட்ரான் வாயு என்றே பெயர். மேலே போடுகிற அடுக்கு குறைந்தது நான்கு இருந்தால்தான் இது நடக்கிறது என்று 2006இல் கண்டார்கள். நான்கு அடுக்கும் சேர்ந்து ஒன்றரை நானோமீட்டர் சொச்சம், நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

இது எப்படி என்று கேட்டேன். அவள் சொன்ன விளக்கம் எனக்கு மதகடிப்பட்டு எல்லையை நினைவுபடுத்தியது. விழுப்புரத்திலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், எல்லை தாண்டின உடனே சாராயக் கடையும் பெட்ரோல் பங்கும் எப்படி நெருக்கி நிற்கின்றன என்று. ஜனங்கள் கூடுவது மண்ணின் விசேஷத்தாலா? இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி, அந்த வித்தியாசம்தான் கூட்டத்தை அங்கே இழுக்கிறது. அதேபோல டைட்டனேட்டின் அடுக்குகள் மின்னேற்றம் இல்லாதவை. அலுமினேட்டின் அடுக்குகளோ ஒன்று நேர்மின், அடுத்தது எதிர்மின் என்று மாறி மாறி வருகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கணக்கு உதைக்கிறது. அடுக்கு கூடக் கூட உதைப்பும் ஏறுகிறது, அதைச் சரிக்கட்ட எலெக்ட்ரான்கள் எல்லைக்கு வந்து சேர்கின்றன. படிகத்தில் ஆக்சிஜன் அணு விட்டுப்போன ஓட்டைகளிலிருந்தும் எலெக்ட்ரான்கள் வரலாம். எதன் பங்கு எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வெகுநாள் வழக்கு உண்டு. உவமையை இதற்கு மேல் இழுக்கவில்லை.

காந்தம் எங்கே வந்தது என்றால், 2007இல். நெதர்லாந்தின் ட்வெண்ட்டே பல்கலைக்கழகத்தில் பிரிங்மன் குழுவினர் இந்த எல்லையைக் கடுங்குளிரில் வைத்து மின்தடையை அளந்தார்கள். வெளியிலிருந்து காந்தப்புலத்தை ஏற்றி இறக்கினால் மின்தடை போன வழியே திரும்பி வரவில்லை. காந்தப் பொருள்களுக்கு இருக்கும் குணம் அது. காந்தமில்லாத இரண்டு பொருளின் நடுவே காந்தத்தின் அறிகுறி! அதே வருஷம் இந்த எல்லை மிகமிகக் கடுங்குளிரில், தனிச் சுழியத்துக்கு 0.2 டிகிரி மேலே, மீக்கடத்தியாகவும் மாறுகிறது, அதாவது மின்தடையே இல்லாமல் போகிறது என்று ஜெனீவாவிலும் ஜெர்மனியிலும் இருந்த குழுக்கள் சேர்ந்து கண்டன. மீக்கடத்தியும் காந்தமும் பொதுவாகக் கீரியும் பாம்பும். இரண்டும் ஒரே எல்லையில் குடியிருந்தால் யாருக்குத்தான் பரபரப்பு இருக்காது? மெல்லிய அடுக்குகளின் காந்த குணத்துக்காக பிரான்சின் ஆல்பேர் ஃபேருக்கும் ஜெர்மனியின் கிரூன்பெர்குக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அந்த 2007தான். அவர்கள் கண்டது கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே வந்து சேர்ந்தது. அதனால் ஆசை இன்னும் கூடியது.

2011இல் அறிக்கைகள் குவிந்தன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அரியாண்டோ, வெங்கடேசன் குழுவினர் அறை வெப்பநிலையைத் தாண்டியும் காந்தம் நிற்கிறது என்றார்கள். லேசர் அடித்து ஆக்சைடு அடுக்குகளைப் படிய வைக்கும் முறையை 1987வாக்கில் அமெரிக்காவில் இருந்தபோது நிலைநாட்டியவர்களில் ஒருவர் இந்த வெங்கடேசன். மாசசூசெட்ஸில் இன்னொரு குழு நுட்பமான தராசு மாதிரி ஒரு கருவியில் வைத்துக் காந்தம் உண்டு என்றது. ஸ்டான்ஃபோர்டில் மோலர் குழுவினர் மட்டும் வேறு மாதிரி பார்த்தார்கள். மொத்தமாக அளக்காமல், ஸ்க்விட் என்ற நுண்ணிய காந்த உணரியை மேற்பரப்பில் அங்குலம் அங்குலமாக, இல்லை, மைக்ரான் மைக்ரானாக நகர்த்தினார்கள். காந்தம் எங்கும் பரவியிருக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுகள், நடுவில் பெரிய வெற்றுப் பரப்பு. மாதிரிக்கு மாதிரி எண்ணிக்கையும் மாறியது.

எனக்குப் பிடித்த அறிக்கை இவற்றில் எதுவும் அல்ல. அதே 2011இல் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் நியூட்ரான் கற்றையை இந்த எல்லையில் பட்டுத் தெறிக்க வைத்து அளந்தார்கள். அவர்களுக்குக் காந்தம் தென்படவில்லை. அதை அவர்கள் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டவில்லை. முதன்மையான பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார்கள். தலைப்பிலேயே ‘உச்ச வரம்பு’ என்று வைத்தார்கள். காந்தம் இல்லவே இல்லை என்று அவர்கள் சாதிக்கவில்லை. இருந்தால் இந்த அளவுக்குமேல் இருக்க முடியாது, எங்கள் கருவிக்கு இவ்வளவுதான் கண் தெரியும் என்று எழுதினார்கள். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், இதைவிட ஒழுங்கான இன்மை அறிக்கையை நான் பார்த்ததில்லை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஹாஃப்னியம் ஆக்சைடு கதையைக் கேட்க வேண்டும். 2004இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலிருந்து வெங்கடேசன் (இவர் வேறு வெங்கடேசன்), ஃபிட்ஸ்ஜெரால்ட், கோயி மூவரும் அந்த ஆக்சைடின் மெல்லிய படலத்தில் எதிர்பாராத காந்தம் இருப்பதாக நேச்சர் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷம் ஐபிஎம் நிறுவனத்தின் ஆட்கள் மூன்று பேர் சொந்தமாகப் படலம் செய்து அளந்தார்கள். காந்தம் இல்லை. அதோடு விடாமல், எவர்சில்வர் சாமணத்தால், அதாவது நகை ஆசாரி கல் எடுக்க வைத்திருப்பாரே அந்த மாதிரி இடுக்கியால், படலத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். சாமணம் பட்ட இடத்தில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத உலோகத் தூசே, சொல்லப்பட்ட அளவுக்கு ஒத்த காந்தத்தைக் காட்டியது. டப்ளின்காரர்களுக்கும் அதேதான் நடந்தது என்று நான் தீர்ப்பு எழுதவில்லை, அது என் வேலையும் அல்ல. நம் தெருப் புழுதி முழுக்க மேக்னடைட் என்று மேலே சொன்னேனே, அதை வைத்து யோசியுங்கள். இவ்வளவு சின்னக் காந்தத்தைத் தேடுகிறவர் கையிலும் கிளிப்பிலும் கருவியிலும் தூசு வராமல் காப்பது எத்தனை சிரமம்!

காந்தம் என்ற சொல்லிலேயே இப்படி ஒரு கண்கட்டு உண்டு. அயஸ்காந்தம் என்றால் வடமொழியில் இரும்புக்குப் பிரியமானது. பிரெஞ்சில் காந்தத்துக்கு ‘எமான்’ என்று பெயர், அதே எழுத்துக் கூட்டலுக்கு அன்பு செலுத்துகிற என்றும் பொருள். ‘பார்த்தாயா, இரண்டு தேசத்துக்காரனும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறான்’ என்று வகுப்பில் நாங்கள் மெய்சிலிர்த்தோம். அகராதியைப் புரட்டிய ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். காந்தத்தைக் குறிக்கும் எமான், கடினமான கல்லைக் குறிக்கும் ‘அடமாஸ்’ என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. அன்புக்கும் அதற்கும் உறவில்லை.

இனி எங்கள் தெருப் பெண்ணின் கதை. அவளுக்கும் ஆரம்பத்தில் காந்தம் தெரிந்தது. ஆய்வுக்கூடமே மிட்டாய் சாப்பிட்டதாம். பிறகு படிகத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, கிளிப் பிடித்த ஓரங்களைச் சீவி எறிந்துவிட்டு மறுபடி அளந்தாள். காந்தம் போய்விட்டது. நாற்பத்தொரு மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் தேதி, எந்தச் சாமணம், எப்படிக் கழுவியது என்று எல்லாம் நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். வழிகாட்டியோ, “இதை வைத்துக் கட்டுரை போட முடியாதம்மா, வேறு ஏதாவது பாரு” என்கிறாராம். அவரைத் திட்டிப் பயனில்லை. வெளியான கட்டுரைகளை எண்ணித்தான் அவருக்கும் பதவி உயர்வு, அடுத்த திட்டத்துக்குப் பணம். ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022இல் எடுத்துவிட்டது. ஆனால் எண்ணிப் பார்க்கும் பழக்கம் எடுபடவில்லை. இவளுடைய நாற்பத்தொன்று வெளியே வராவிட்டால் நாளைக்கு கோயம்புத்தூரிலோ குவாஹாட்டியிலோ இன்னொரு பெண் அதே பசைக்கும் அதே கிளிப்புக்கும் மூன்று வருஷத்தைக் கொடுப்பாள். வெளியான கட்டுரைகளில் எல்லாம் ‘இருக்கிறது, இருக்கிறது’ என்று மட்டுமே இருப்பதால், தனக்குத்தான் வேலை தெரியவில்லை என்று அழுவாள்.

நம் தேசத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. 2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்று அறிவித்தார்கள். ஒரு துண்டு காந்தத்தின் மேல் பாதி எழும்பி நிற்கும் வீடியோ உலகமெல்லாம் சுற்றியது, என் வாட்ஸ்அப்புக்கே நாலு பேர் அனுப்பினார்கள். சில நாளிலேயே டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் அவானா குழுவினர் அந்தப் பொருளைச் செய்து பார்த்து, எங்கள் மாதிரி மீக்கடத்தி இல்லை, மிதக்கவும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். உலகத்திலேயே முதலில் வந்த இன்மை அறிக்கைகளில் அது ஒன்று. பின்னர் வேறு தேசத்து ஆய்வகங்களும் அதையே சொல்லின. பாதி எழும்பி நிற்பதற்குச் சாதாரணக் காந்த குணமே போதும் என்றும் காட்டினார்கள். நம் பத்திரிகைகள் கொரியச் செய்திக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசியாவது டில்லிக்குக் கொடுத்திருக்கலாம்.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பத்திரப் பதிவுத் துறைக்காரர், இதைப் படித்துக் காட்டியதும் ஒரு கேள்வி போட்டார். “இன்மை அறிக்கைக்கு மார்க்கு கொடுத்தா, அவனவன் வேலையே செய்யாம இல்லேன்னு எழுதிட்டுப் போயிடுவானேய்யா?” நியாயமான கேள்வி. அலுவலகத்தில் நான் பார்த்த பெரிய பாவமே அதுதான். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு, கொத்தடிமைகள் எவருமில்லை என்று மேசையில் உட்கார்ந்தபடியே எழுதி அனுப்பிய காலம் உண்டு. பிறகு அரிசி ஆலையிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்களை மீட்ட செய்தியைப் பேப்பரில் படித்தோம். போய்ப் பார்க்காமல் போட்ட ஒரு சுழிக்குள் குழந்தை குட்டிகளோடு மனிதர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். ஆகவே வெறும் ‘இல்லை’ செல்லாது. எங்கே தேடினேன், எதைக் கொண்டு தேடினேன், எவ்வளவு சிறியது வரை என் கண்ணுக்குத் தெரியும் என்ற மூன்றும் கூட வர வேண்டும். அவை இல்லாத இன்மை அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

பாண்டிச்சேரியில் 1769 ஜூன் 4ஆம் தேதி காலை அப்படி ஓர் அறிக்கை உருவானது. சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து வந்த லெ ஜாந்தி, 1761இல் ஊர் ஆங்கிலேயர் கையில் போனதால் கப்பலிலேயே அந்தக் காட்சியை வீணாக்கியவர், எட்டு வருஷம் காத்திருந்து கோட்டை இடிபாட்டின் மேல் கூடம் கட்டித் தொலைநோக்கியைத் தயார் செய்திருந்தார். அன்று பார்த்து மேகம் மூடிக்கொண்டது. பார்த்ததாக அவர் எதையும் எழுதவில்லை. மேகம் வந்ததையும் விலகியதையும் எழுதினார். ஊருக்குத் திரும்பினால் செத்துவிட்டார் என்று சொத்தைப் பிரிக்க வாரிசுகள் கிளம்பியிருந்தார்கள். அந்த வழக்கு தனிக் கதை.

பெரிய ஆராய்ச்சி நிலையங்களை விடுங்கள். பிளஸ் டூ, பிஎஸ்சி செய்முறைத் தேர்வில் என்ன நடக்கிறது? விலகு காந்தமானியின் முள் எத்தனை டிகிரி காட்டியது என்று எழுத வேண்டிய இடத்தில், வர வேண்டிய விடையை முதலில் எழுதி, பின்னாலிருந்து கணக்குப் போட்டு டிகிரியை நிரப்புகிறார்கள். மேசை அடியில் இரும்புச் சட்டம் இருந்து முள் வேறு பக்கம் திரும்பினாலும் ரெக்கார்டு நோட்டில் புத்தகத்து விடைதான் இருக்கும். முள் திரும்பியதை அப்படியே எழுதி, காரணம் தேடிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போட ஒரு வரி ஆணை போதும். அதேபோல ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இணையதளத்தில் இன்மை அறிக்கைகளுக்கென்று ஒரு பதிவேடு திறந்து, மேலே சொன்ன மூன்று விவரத்தோடு வருகிறவற்றுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணைக் கட்டுரைக்குச் சமமாகக் கணக்கில் எடுக்கலாம். செலவு ஒன்றுமில்லை, ஒரு குமாஸ்தாவும் ஒரு கம்ப்யூட்டரும் போதும்.

இந்த இரண்டு யோசனையையும் முறையாக மனு எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். மூன்று மாதம் ஆகிறது. அட்டை திரும்பி வந்துவிட்டது. பதில் வரவில்லை, இன்மை அறிக்கைகூட வரவில்லை. நாளைக்கு நினைவூட்டு அனுப்பப் போகிறேன்.